எதுல பாதி?

மொட்டையாகப் ‘பாதி’ என்று சொல்லிவிட்டு அவளிடமிருந்து யாரும் தப்பிப் போனதை நான் பார்த்ததில்லை. அரைக் கிலோ என்று சொல்லலாம், அரை மணி நேரம் என்று சொல்லலாம், ஒன்றும் செய்ய மாட்டாள். கிலோ என்றால் கிலோ, மணி என்றால் மணி. வெறும் பாதி என்றால்தான் போச்சு. கையில் இருக்கும் வேலையை அப்படியே கீழே வைப்பாள். தலையைக் கொஞ்சம் சாய்ப்பாள்.

“எதுல பாதி?”

தமிழ் தெரியாதவர்களிடம் இதையே ஹிந்தியில் கேட்பாள்: “கிஸ்கா ஆதா?” போர்ட் பிளேரில் நாங்கள் நர்சிங் படித்த வகுப்பில் பெங்காலி உண்டு, தெலுங்கு உண்டு, மலையாளம் உண்டு, ராஞ்சிக்காரர்கள் உண்டு. எல்லாரும் எல்லாரோடும் சண்டை போட்டுக்கொள்ள ஹிந்தி. ஆகவே ‘கிஸ்கா’ என்பதே அவளுக்குப் பட்டப்பெயராக நின்றுவிட்டது. உண்மைப் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், இப்போது மெயின்லாண்டில் அவள் வேலை பார்க்கும் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டு, “ஏட்டி, நீ எழுதினதுல எவ்வளவு நெசம்?” என்பாள். நான் வாய் தவறி ‘பாதி’ என்று சொல்லிவைப்பேன். வேண்டாம்.

நாங்கள் முதன்முதலில் பேசிக்கொண்டதே ஒரு மீனால்தான். ஹாஸ்டல் மெஸ்ஸில் அன்று மீன் குறைவு. பரிமாறுகிற தீதி, எங்களுக்கெல்லாம் அக்கா மாதிரி, ஒரு வறுத்த மீனை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து, “ஆதா ஆதா லே லோ” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். ஆளுக்குப் பாதி. எனக்கோ பசி. கையை நீட்டினேன். பக்கத்தில் இருந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இரு. எதுல பாதி? நீளத்துலயா, சதையிலயா?”

“அரே, நடுவுல உடைச்சா பாதிதானே?”

“நடுவுல உடைச்சா ஒருத்திக்கு வயிறு, ஒருத்திக்கு வாலு. வாலுல என்னளா இருக்கு, முள்ளுதான். நீ மீனு தின்னுருக்கியா இல்லையா?”

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்து ஷாதிபூரில் குடியேறிய மீன்பிடிக் குடும்பம் அவளுடையது. நான் டெலானிபூர் கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். தாத்தாவுக்குத் தாத்தா கைதியாகக் கப்பலில் வந்து இறங்கிய வம்சம். எங்கள் வீட்டில் தமிழ் என்பது அம்மா திட்டும்போது மட்டும் வரும். அவள் மீனை முதுகோரமாக நீளவாக்கில் பிளந்தாள், நடுமுள்ளை ஒரே இழுப்பில் உருவினாள், இரண்டு பக்கத்தையும் ஆளுக்கொன்றாக வைத்தாள். “இப்பத் தின்னு.” எனக்கு வந்த பக்கம் அவளுடையதைவிடக் கொஞ்சம் பெரிது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சாப்பாடு ஆறியிருக்கும்.

இரண்டாம் வருடத்தில் மருந்துக் கணக்கு வந்தது. ட்யூட்டர் மேடம் போர்டில் ஒரு சூத்திரம் எழுதி, அதைச் சுற்றிப் பெட்டி போட்டார். கொடுக்க வேண்டிய மில்லிகிராமை, கையில் இருக்கும் மில்லிகிராமால் வகு, மில்லியால் பெருக்கு. எனக்கு அது மிட்டாய் மாதிரி இருந்தது. எண்ணை உள்ளே போடு, விடை வெளியே விழும், முதல் ஆளாகப் பேப்பரை நீட்டு! அவளோ ஒவ்வொரு கணக்குக்கும் ‘ஒரு மில்லியில் எவ்வளவு?’ என்று முதலில் ஒரு வரி எழுதுவாள். பிறகு அங்கிருந்து நிதானமாக நடந்து வருவாள், பஸ் காலியாக நிற்கும்போதும் டெலானிபூர் ஏற்றத்தை நடந்தே ஏறுகிற ஆள் மாதிரி.

மேடத்துக்குத் தமிழ் தெரியும். கோபம் வந்தால்தான் ஹிந்திக்குப் போவார்.

“ஃபார்முலா எங்கே?”

“விடை சரிதான மேடம்?”

“ஃபார்முலா எங்கேன்னு கேட்டேன்.”

“அது பெட்டிக்குள்ள இருக்கு மேடம். உள்ள என்ன போடுதோம்னு எனக்குத் தெரிய மாட்டேங்கு. அதான் வெளிய வச்சுச் செய்யுதேன்.”

வகுப்பு சிரித்தது. மேடம் ஹிந்திக்குப் போனார்.

கணக்குத் தேர்வில் எல்லாம் சரியாக இருந்தால்தான் குழந்தைகள் வார்டுக்கு அனுப்புவார்கள். ஒன்று தப்பினாலும் டெமோ ரூமில் பொம்மைக்குப் படுக்கை விரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கடைசிக் கேள்வி இது: ஒரு குழந்தைக்கு ஜென்டாமைசின் பத்து மில்லிகிராம் போட வேண்டும், ஆம்பியூல் இரண்டு மில்லி, எவ்வளவு இழுப்பாய்? ஆம்பியூல் என்றால், கழுத்தை உடைத்து மருந்தை உறிஞ்சி எடுக்கிற சின்னக் கண்ணாடிக் குப்பி. எங்கள் வார்டுக்கு வருகிற குப்பியில் இருபது மில்லிகிராம் இருக்கும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். இருபதில் பத்து, பாதி. வார்டில் மில்லிகிராம் என்று யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ‘அந்தக் குழந்தைக்கு ஆதா’ என்றால் வேலை முடிந்தது. ஆகவே எல்லாரும் ஒரு மில்லி என்று எழுதினோம்.

அவள் மட்டும் எழுதினாள்: ‘இரண்டு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று சொல்லவில்லை. விடை கிடையாது.’

“நம்ம வார்டுக்கு எப்பவும் இருபதுதானே வருது?” என்றார் மேடம்.

“எண்பதும் இருக்கு மேடம். பெரியவங்களுக்குள்ளது. குப்பி அதே சைஸ்தான். மெயின்லாண்டுல கப்பல்ல எதை ஏத்துறாங்களோ, அதான இங்க இறங்கும்?”

“இதுவரைக்கும் குழந்தைங்க வார்டுக்கு எண்பது வந்திருக்கா?”

“வரல.”

“அப்புறம் என்ன?”

“வரவே வராதுன்னா அதக் கேள்வியில எழுதிருக்கணும்லா மேடம்.”

எண்பது வந்து, அதில் ‘ஆதா’ போட்டால், குழந்தைக்கு வேண்டியதைப்போல் நான்கு மடங்கு உள்ளே போகும். காதைக் கெடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். பாடத்தில் இருந்தது. தெரிந்துகொண்டேதான் ஒரு மில்லி என்று எழுதியிருந்தோம்.

நாங்கள் வார்டுக்குப் போனோம். அவள் பொம்மைக்குப் படுக்கை விரித்தாள். மறுதேர்வில் மேடம் வேண்டுமென்றே அதே கேள்வியை அதே ஓட்டையோடு கொடுத்தார். இந்த முறை இரண்டு விடை எழுதினாள். ‘இருபது என்றால் ஒரு மில்லி. எண்பது என்றால் கால் மில்லி. எது என்று குப்பியைக் காட்டுங்கள்.’ மேடம் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

“போ. வார்டுக்குப் போ. அங்கே இன்-சார்ஜ் சிஸ்டர் உன்னைப் பார்த்துப்பாங்க.”

எனக்கு எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். அவளுடைய காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை குதித்தேன். சர்ச் முடிந்து அவளோடு ஜங்கிலிகாட் படகு ஜெட்டிக்குப் போயிருந்தேன். அவள் அப்பா டிங்கிப் படகில் உட்கார்ந்து, பெட்ரோலில் என்ஜின் ஆயில் கலக்கத் தயாராக இருந்தார்.

“பாதி டப்பா ஊத்து பிள்ள.”

“எந்த டப்பாவுல பாதி? போன தடவ சின்னது. இது பெருசு.”

“எம்மா, ஊத்து. மணக்கத வச்சே நான் சொல்லிருவேன்.”

“மணத்துக்கு அளவு இருக்காப்பா?”

அவர் என் பக்கம் திரும்பினார். “பாத்தியா பிள்ள. இவளக் கூட்டிட்டுக் கடலுக்குப் போனா மீனு பிடிக்க முடியாது. கணக்குதான் பிடிக்கலாம்.”

எனக்குப் பொறி தட்டியது. “அங்கிள், ஒரு தடவை கலவை தப்பி நடுக்கடல்ல என்ஜின் நின்னு போச்சுதானே? அன்னைக்கு இவளும் போட்ல இருந்தா. கரெக்டா?”

அப்பாவும் மகளும் ஒன்றாகச் சிரித்தார்கள். “ஒரு நாளும் நின்னதில்ல,” என்றார் அவர், என்ஜினைத் தட்டிக்கொண்டே. “கண்ணாலதான் ஊத்துதேன். ஒரு நாளும் நிக்கல.”

“பின்னே ஏன் கேட்கிறே?” என்றேன் அவளிடம். சத்தியமாக ஏமாற்றமாக இருந்தது.

“நின்னாத்தான் கேக்கணுமா?” என்றாள், அளவுக் குவளையைத் தேடிக்கொண்டே. “பாதின்னாரு. எதுலன்னு கேட்டேன். இதுல என்னளா காரணம்.”

அவளோடு வார்டில் நிற்பது ஏதோ பெருமையான காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். எரிச்சலாக இருக்கும். குப்பியை எடுக்கும்போது லேபிளைப் படி, மருந்தை இழுக்கும்போது படி, குப்பியைப் போடும்போது படி என்று பாடம் சொல்கிறது. எல்லாரும் பரீட்சையில் அதை எழுதுவோம். இவள் வார்டில் செய்வாள். குழந்தை வீரிட்டுக்கொண்டிருக்கும், அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பாள், இவள் ஜன்னல் வெளிச்சத்தில் குப்பியைத் தூக்கிப் பிடித்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பாள். “அந்தப் பொண்ணு வேணாம்மா, நீ போடு” என்று என்னிடம் சொன்ன அம்மாக்கள் உண்டு. “சீன் போடாதே” என்று நானே ஒருநாள் அவள் காதில் கடித்தேன்.

“போடல. படிக்கேன்” என்றாள், குப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இன்-சார்ஜ் சிஸ்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களைப்போலவே தீவிலேயே பிறந்த தமிழம்மா. அப்படியொரு கை. அவர் ஊசி போட்டால் குழந்தைக்கு அழ நேரம் கிடைக்காது. காலை நேர நெரிசலில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. எல்லாக் குழந்தைகளின் மருந்தையும் அவரே ஒரே மூச்சில் இழுத்துவிடுவார். சிரிஞ்சுகளை டிரேயில் வரிசையாக அடுக்குவார். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு பிளாஸ்டர், அதில் பெட் நம்பர். மருந்தின் பெயர் கிடையாது, அளவு கிடையாது. நாங்கள் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியது. அப்படித்தான் அந்த வார்டு நேரத்துக்கு நடந்தது.

ஒரு நாள் காலை அவளுக்கு வந்தது நான்காம் பெட். நான் பக்கத்துப் பெட்டில் இருந்தேன்.

“நாலுக்கு ஆதா. சல், ஜல்தி” என்று அவசரப்படுத்திச் சிரிஞ்சை நீட்டினார் சிஸ்டர்.

அவள் கையை நீட்டவில்லை. “எதுல பாதி சிஸ்டர்? குப்பியக் காட்டுங்க.”

“குப்பி குப்பை டப்பாவுக்குப் போயாச்சு. ஆதான்னா ஆதா. இருபது வருஷமா ஆதா.”

“நான் இழுக்காத மருந்த நான் போட மாட்டேன் சிஸ்டர். புதுசா ஒண்ணு குடுங்க. நானே இழுத்துப் போடுதேன்.”

“என் கையை நம்பலையா நீ?”

“உங்க கைய நம்புதேன். உள்ள என்னன்னு தெரியல.”

நான்காம் பெட் குழந்தையின் அம்மா குட்வில் எஸ்டேட்டிலிருந்து வருபவர். தமிழ் தெரிந்தவர். குழந்தையை இறுக்கிக்கொண்டு கேட்டார்: “ஏம்மா, மருந்துல ஏதும் கோளாறா?”

எங்களில் யாராக இருந்தாலும் இல்லையக்கா என்று சொல்லியிருப்போம். அவள் சொன்னாள்: “தெரியாதுக்கா.”

அந்த ஒரு சொல்தான் வினை. சிஸ்டரின் முகம் கறுத்தது. நீட்டிய சிரிஞ்சைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், தானே போய்ப் போட்டார், குழந்தை வழக்கம்போல் அழ மறந்தது. பிறகு ஸ்டாக்கைப் பார்த்தார்கள். அத்தனையும் இருபது. மருந்து சரி, அளவு சரி, குழந்தை நலம். தப்பு என்று ஒரு மண்ணும் இல்லை.

ஆகவே தப்பு முழுக்க அவள் தலையில் விழுந்தது. தாய் முன்னால் சிஸ்டரைச் சந்தேகப்பட்டாள், சொன்னதைச் செய்யவில்லை. மன்னிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வார்டு போஸ்டிங் ரத்து. போஸ்டிங் இல்லாமல் பரீட்சை எழுத முடியாது. அடுத்த பேட்ச்சோடுதான் உட்கார வேண்டும்.

ஹாஸ்டல் மொத்தமும் அவள் கட்டிலைச் சுற்றி நின்றது. திக்லிபூரிலிருந்து வந்த ரூமா பேனாவை மூடியைக் கழற்றியே கொடுத்தாள். “லிக் தே நா. ஏக் லைன்.” ஒரே வரி, எழுதிக் கொடேன்.

“எழுதுதேன். எதுக்கு மன்னிப்புன்னு சொல்லு.”

“கேட்டதுக்கு” என்றேன் நான். “மருந்து சரியாத்தானே இருந்துச்சு?”

“சரியா இருந்துச்சுன்னு இப்பதான தெரியும். அப்பத் தெரியாதுலா.”

“ஒரு வருஷம் போயிடும்டி!”

“போட்டும்.” முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே மழை. “அந்த அக்கா கேட்டாவல்லா, கோளாறான்னு. இல்லன்னு சொல்லிருந்தா அது பொய். இப்ப எழுதினா அதுவும் பொய். ஒண்ணு சொல்லாம விட்டுட்டு இன்னொண்ண எதுக்கு எழுத?”

மறுநாள் பிரின்சிபல் அறைக்கு அழைத்தார்கள். பக்கத்துப் பெட்டில் நின்றவள் என்பதால் என்னையும். உள்ளே பிரின்சிபல், ட்யூட்டர் மேடம், இன்-சார்ஜ் சிஸ்டர். மேசையில் ஒரு வெள்ளைத் தாள், அதன்மேல் பேனா. பிரின்சிபல் பேசியது ஹிந்தி. நான் தமிழில் சொல்கிறேன்.

“எழுது.”

அவள் கையில் துணி மூடிய ஒரு டிரே இருந்தது. அதைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துத் துணியை எடுத்தாள். ஒரு சிரிஞ்ச், ஸ்பிரிட் பஞ்சு. சிரிஞ்சில் தண்ணீர் மாதிரி ஏதோ ஒரு மில்லி.

“இது என்ன?”

“டிஸ்டில்டு வாட்டர் மேடம். வெறும் தண்ணி. டெமோ ரூம்ல நானே இழுத்தேன். யாருக்காச்சும் போடட்டுமா?”

போஸ்டிங் மட்டுமில்லை, இனி படிப்பே போச்சு என்று நினைத்தேன். பிரின்சிபல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “என்ன திமிர் இது!”

“திமிர் இல்ல மேடம். தண்ணிதான். என் கைய நம்புங்க. கை நீட்டுங்க.”

பிரின்சிபல் நீட்டவில்லை. ட்யூட்டர் மேடம் மின்விசிறியைப் பார்த்தார். நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அது என்னைக் கேட்காமலே நடந்தது.

அப்போது இன்-சார்ஜ் சிஸ்டர் எழுந்தார். அவருக்கும் ரோஷம் உண்டு. யூனிஃபார்ம் கையைத் தோள்வரை சுருட்டினார். “போடு. தேக்தே ஹைன், பார்த்துடுவோம். நான் பயந்தவள்னு நினைச்சியா?”

இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். அவள் பஞ்சால் துடைத்தாள். ஊசி மூடியைக் கழற்றினாள். சிரிஞ்சை வெளிச்சத்தில் நிமிர்த்திக் காற்றை வெளியேற்றினாள். ஊசி நுனியில் ஒரு சொட்டு நின்றது. சிஸ்டரின் கண் அந்தச் சொட்டில் போய் ஒட்டிக்கொண்டது. ஊசி தோளுக்கு அருகே வந்தது.

“ஏய், நில்லு” என்றார் சிஸ்டர். “குப்பி எங்கே?”

தான் கேட்டது சிஸ்டருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். சுருட்டிய கை சுருட்டினபடியே நின்றார்.

அவள் சிரிக்கவில்லை. நானாக இருந்தால் குதித்திருப்பேன். ஊசியை டிரேயில் வைத்தாள். “டெமோ ரூம்ல இருக்கு சிஸ்டர். எடுத்துட்டு வாரேன்.” போனாள். குப்பியோடு வந்தாள். சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளை ஓர் எழுத்து விடாமல் படித்தார். குப்பியைத் திருப்பித் தேதியையும் பார்த்தார். பிறகு தோளை நீட்டினார்.

“ஹாங். இப்போ போடு.”

“வலிக்கும் சிஸ்டர், டிஸ்டில்டு வாட்டர்.”

“எனக்குத் தெரியாதா? போடுடி!”

“என் ஆபீசில் யாரும் யாருக்கும் ஊசி போடக் கூடாது!” என்று பிரின்சிபல் மேசையைத் தட்டினார். ட்யூட்டர் மேடம் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். இருமலா என்னவென்று தெரியவில்லை.

பிரின்சிபல் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். மேசையில் இருந்த வெள்ளைத் தாளைப் பார்த்தார். அதை எடுத்து டிராயருக்குள் போட்டார். அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அனுமதி இல்லாமல் ஊசியை ஆபீசுக்குள் கொண்டுவந்தது குற்றம்தானே? அதற்குத் தண்டனை வேண்டாமா?

“போஸ்டிங் தொடரலாம். அதோடு, ஸ்டெரிலைசேஷன் ரூமில் காயம் கட்டுகிற காஸ் துணி மடிக்க வேண்டும். தினமும் ஆதா தின்” என்றார். பாதி நாள்.

அவள் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்த்தாள்.

பிரின்சிபல் அவளைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் மெதுவாகக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே அவரைத் திருப்பிப் பார்த்தார்.

“மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை,” என்றார் பிரின்சிபல். “ஞாயிறு கிடையாது. இந்த மாதம் முடியும்வரை. போதுமா?”

“போதும் மேடம்,” என்றாள் அவள், டிரேயை எடுத்துக்கொண்டு. “இப்பப் புரியுது.”